டாலமோர் தோற்ற அழகு

ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்பதை மைதானத்து ஓரத்தில் இருக்கிற பலகையிலேயே பெரிய விளக்கெழுத்தில் போட்டுவிடுகிறார்கள். எண் தெரிந்த எவனும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இப்படிக் கண்டவனுக்கெல்லாம் புரிகிற ஒரு விஷயத்தை நம்பி ஒரு தேசத்தின் கல்லூரி ஃபுட்பாலை நடத்த முடியுமா? முடியாது. அதற்காகத்தான் தேர்வுக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலம் முழுக்கப் பையன்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளி, தோளை இறக்கிக்கொண்டு, ஜெயித்தோ தோற்றோ முடித்துவிடுகிறார்கள். டிசம்பர் பிறந்ததும் டாலஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஓர் ஓட்டலில் பெரியவர்கள் கூடி, உண்மையில் யார் ஜெயித்தார்கள் என்று பேசி முடிவு செய்கிறார்கள். அங்கே தேறுகிற பன்னிரண்டு அணிகள்தான் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளில் ஆடலாம். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

அந்தக் குழுவில் ஆர்வின் டோஸ்டலுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஆர்வின், மொன்டானாவின் கிழக்குக் கோடியில் காற்றைத் தவிர வேறெதுவும் நிற்காமல் போகிற ஓர் ஊரில், ஃப்ளாட்வில்லோ ஸ்டேட் என்கிற சின்னக் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். சின்னவர்களையும் மதிக்கிறோம் என்று காட்டக் குழுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சுழற்சி முறையில் அது இந்த வருஷம் இவரிடம் வந்து நின்றது. செய்தி வந்த அன்று ஊரே திருவிழாப் போலக் குதித்தது. தானியக் கிடங்கின் சுவரில் 'உள்ளே நம்ம ஆள்' என்று ஒரு துணிப் பதாகை கட்டினார்கள்.

அதே வருஷம் பார்த்து ஃப்ளாட்வில்லோ பையன்கள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துத் தொலைத்தார்கள். பருவத் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னக் கல்லூரிகளைத் தங்கள் மைதானத்துக்கு விருந்துக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு நொறுக்கி அனுப்புவது வழக்கம். ரசிகர்களுக்கும் ஒரு சந்தோஷம், பையன்களுக்கும் ஒரு பயிற்சி. தெற்கே டாலமோர் பல்கலைக்கழகம் அப்படித்தான் ஃப்ளாட்வில்லோவைச் செப்டம்பரில் கூப்பிட்டது. வந்த பையன்களுக்கு வழக்கம் தெரியவில்லை. ஜெயித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பில்லிங்ஸ் விமான நிலையத்தில் ஆர்வினை இறக்கிவிட வந்தது அணியின் பயிற்சியாளர் லைல் பிரெக்கி. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"டேய் ஆர்வின், நாலாவது வருஷப் பசங்க முகத்தைப் பாக்க முடியலைடா. ராத்திரி தூங்கறானுங்களா இல்லையான்னே தெரியலை."

"எல்லாத்தையும் ஜெயிச்சாச்சு. இதுக்கு மேல என்னடா கேப்பாங்க?"

"அதான் எனக்கும் புரியலை. உனக்கு இந்தக் கோட்டு சூட்டுக்காரங்களைப் பத்தி என்ன தெரியும்?"

"நான்தான் உள்ள உக்காந்திருக்கப்போறேனே. பாத்துக்கறேன், போடா."

"பாத்துக்குவியா? பசங்ககிட்ட அப்படியே சொல்லிடவா?"

"சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

அந்த நாலாம் வருஷப் பையன்களுக்கு இதோடு படிப்பு முடிகிறது. அப்புறம் கோதுமை வயல், லாரி, எண்ணெய்க் கிணறு. இந்த வாய்ப்புத் தப்பினால் தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆர்வினுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வாக்குக் கொடுத்தார்.

ஓட்டலில் முதல் நாள் குழுத் தலைவர் டாக்டர் பிரெஸ்காட் கேட்லின் எழுந்து பேசினார். மூன்று பல்கலைக்கழகங்களை ஆண்டு ஓய்ந்தவர். குரலே ஒரு பட்டமளிப்பு விழா.

"நண்பர்களே, ஜெயிக்கறது ஒரு சம்பவம். யாருக்கு வேணும்னாலும் நடக்கும். ஜெயிக்கறதுக்குத் தகுதியா இருக்கறது ஒரு குணம். அது சில பேருக்குத்தான் இருக்கும், அது யார் யாருன்னு நமக்கு முன்னாடியே தெரியும். ஆட்டத்தோட முடிவு நம்ம கண்ணை மறைச்சுடாம பாத்துக்கணும். இது ஒரு புனிதமான பொறுப்பு. மதியம் இறைச்சி நல்லா இருக்கும், எல்லாரும் சாப்பிடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்வினும் தட்டினார். தட்டி முடித்த பிறகு தலைவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

பிறகு விதிகளை வாசித்தார்கள். எந்த உறுப்பினரின் கல்லூரி பேச்சில் வருகிறதோ அந்த உறுப்பினர் உடனே எழுந்து வெளியே போய்விட வேண்டும். நியாயமான விதி. ஆர்வினே தலையாட்டி ஆமோதித்தார். ஆமோதித்த தலை நிமிர்வதற்குள் தலைவர், "சரி, ஃப்ளாட்வில்லோவை எடுத்துக்கலாமா?" என்றார். 'உள்ளே நம்ம ஆள்' வெளியே போனார்.

வெளியே ஒரு நடைவழி. ஒரு நாற்காலி, ஒரு ஐஸ் இயந்திரம். கதவுக்குக் காவலாக விதிகள் அலுவலர் இவெட் என்கிற பெண்மணி, மடியில் பின்னல் வேலையோடு.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார் ஆர்வின்.

"தெரியாதுங்க. எனக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அதனாலதான் என்னை எடுத்தாங்க."

சற்று நேரத்தில் கதவு திறந்து குழுவிலிருந்த முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் வெளியே வந்தார். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற ஆகிருதி.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க? இது எங்க காலேஜாச்சே" என்றார் ஆர்வின்.

"உங்க பசங்க ஆட்டத்தை ஒரு நாள் டிவியில பாத்துட்டேன். பிரமாதமா ஆடறாங்கன்னு சொன்னேன். பிடிச்சுப்போச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன். ஒரு பக்கச் சாய்வு இருக்குன்னு அனுப்பிட்டாங்க."

அடுத்து இன்னொருவர் வந்தார். அவரும் பார்த்துவிட்டாராம். கடைசியில் ஃப்ளாட்வில்லோவின் தகுதியை எடைபோட உள்ளே மிஞ்சியவர்கள், ஃப்ளாட்வில்லோவை ஒருநாளும் கண்ணால் பார்த்திராதவர்கள். கள்ளங்கபடம் இல்லாத மனசு வேண்டுமென்றால் அப்படித்தான் சலித்தெடுக்க வேண்டும்.

"அம்மா, டாலமோர் ரசிகர் ஒருத்தர் உள்ளயே இருக்காரே. கழுத்துப்பட்டையே அவங்க கலர்ல கட்டியிருக்கார்" என்றார் ஆர்வின்.

இவெட் ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "அவருக்கு முப்பது வருஷமா பிடிக்கும்ங்க. புதுசா பிடிச்சுப்போனா சாய்வு. ரொம்ப நாளா பிடிச்சிருந்தா பாரம்பரியம். பாரம்பரியம் இருக்கறவங்க பேசலாம், ஓட்டு மட்டும் போடக் கூடாது."

மதிய உணவில் ஆர்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற அட்மிரல் க்ராண்டல். குழுவில் அவர் கண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். பார்த்த மாத்திரத்தில் அணியின் தரத்தைச் சொல்லிவிடுவாராம்.

"உங்க காலேஜைப் பத்தி நான் பேசலை, பேசக் கூடாது. பொதுவா சொல்றேன். ஒரு டீமைத் தெரிஞ்சுக்கணும்னா அவங்க பஸ்ஸை விட்டு எறங்கறதைப் பாக்கணும். ஒவ்வொருத்தனும் எறங்கறப்போ பஸ் ஒரு பக்கம் சாயணும்."

"ஆடறதைப் பாக்க வேண்டாமா சார்?"

"ஆடறப்போ பந்து குறுக்க குறுக்க வந்து தொலைக்கும் தம்பி. ஆளைச் சரியாப் பாக்க முடியாது."

அன்று பிற்பகல் முழுக்கத் திரையில் பஸ்களைப் பார்த்தார்கள். பளபளவென்று பஸ் வரும், கதவு திறக்கும், மலை போல ஒருவன் இறங்குவான், அட்மிரல் "ஆஹா" என்பார். டாலமோரின் பஸ் வந்தபோது இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். ஃப்ளாட்வில்லோ பையன்கள் பாதி ஆட்டங்களுக்குப் பனியில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டுதான் போயிருந்தார்கள். தள்ளிய கையோடு இறங்காமலே நடந்து மைதானத்துக்குள் போய்விட்டால் அதை யார் படமெடுப்பது? ஆர்வினுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. கோபமாவது வருகிறதா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் போல உடம்பு மொத்தமும் மரத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் டாலமோரை எடுத்தார்கள். இந்தப் பேச்சில் ஆர்வின் உள்ளே இருக்கலாம். டாலமோர் அந்த வருஷம் மூன்று ஆட்டம் தோற்றிருந்தது. மற்ற அணிகளின் வெற்றியை எண்ணிய குழு, டாலமோரின் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. முதல் தோல்வி மழையில் நடந்தது, ஆகவே அது வானிலை. இரண்டாவதில் கடைசிவரை மனம் தளராமல் தோற்றார்கள், ஆகவே அது மனஉறுதி.

"மூணாவது, செப்டம்பர்ல ஒரு எதிரணிகிட்ட" என்றார் தலைவர் கேட்லின். "எதிரணி பேரை யாரும் சொல்லாதீங்க. ஆர்வின் உள்ள இருக்கார்."

அட்மிரல் முன்னால் சாய்ந்தார். "அந்த எதிரணி இந்த வருஷம் யார்கிட்டயுமே தோக்கலை. அப்பேர்ப்பட்டவங்ககிட்ட தோக்கறதுன்னா சும்மாவா? அதுக்கே ஒரு தரம் வேணும்."

"நல்ல தோல்வி" என்றார் ஒருவர்.

"ரொம்ப நல்ல தோல்வி" என்றார் தலைவர். "சொல்லப்போனா, இந்த வருஷத்தோட சிறந்த தோல்வி."

ஆர்வின் கையைத் தூக்கினார். "அந்த எதிரணி அவ்வளவு ஒசத்தின்னா, பேசாம அதையே எடுத்துடலாமே?"

"எந்த எதிரணி?" என்றார் தலைவர்.

"நீங்க சொன்ன எதிரணிதான்."

"அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஆர்வின்?"

ஆர்வினுக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. "தெரியும்" என்றார்.

"அப்ப நீங்க வெளிய இருக்கணும்."

வெளியே வந்தார். அந்தக் கதவு மெதுவாகத்தான் சாத்திக்கொள்ளும். சாத்துவதற்குள் தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது. "இப்ப ஃப்ளாட்வில்லோவைப் பேசலாம். அப்படி யாரைத்தான் ஜெயிச்சுட்டாங்க? மூணு ஆட்டம் தோத்த டாலமோரை. அதெல்லாம் ஒரு வெற்றியா?"

கதவு சாத்திக்கொண்டது. ஆர்வின் ஐஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவை உதைத்துத் திறந்து, அதே தோல்வி அங்கே தங்கமாகவும் இங்கே தகரமாகவும் எப்படி ஆகிறது என்று கேட்டிருக்கலாம். லைல் கேட்டிருப்பான். ஆர்வின் எழுந்து ஒரு கோப்பையில் ஐஸ் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"விரல் நீலமா போகுது பாருங்க, கீழ வைங்க" என்றாள் இவெட்.

"தெரியலைம்மா. ஒண்ணும் தெரியலை."

ஞாயிறு காலைக்குள் பதினோரு இடங்கள் நிரம்பின. கடைசி இடத்துக்கு மிஞ்சியது டாலமோரும் ஃப்ளாட்வில்லோவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு விதியில் இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட்டு. முதலில் ஃப்ளாட்வில்லோ. ஆர்வின் சொல்லாமலே எழுந்து போனார். திரும்பக் கூப்பிட்டபோது, இவரைப் பார்த்து எல்லோரும் மிகுந்த அன்போடு புன்னகை செய்தார்கள். யாராவது செத்த வீட்டில்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

"அடுத்தது டாலமோர். ஓட்டு" என்றார் தலைவர். சொல்லிவிட்டு எழுந்தார். "எனக்கு அவங்க கௌரவ டாக்டர் பட்டம் குடுத்திருக்காங்க. நான் இருக்கக் கூடாது."

"என் பேத்தி அங்கதான் படிக்கறா" என்று அட்மிரலும் எழுந்தார்.

ஒருவரின் பெயரில் அங்கே ஒரு நீச்சல் குளம் இருந்தது. ஒருவருக்கு மைதானத்தில் நிரந்தர இருக்கை. ஒருவரின் மனைவி, ஒருவரின் மைத்துனன். பிரமாதமாக ஆடறாங்க என்று சொன்ன முன்னாள் ஆட்டக்காரருக்குக்கூட டாலமோரில் ஒரு மருமகன் முளைத்தான். ஒவ்வொருவராக நேர்மையோடு வெளியே போனார்கள். நீளமான மேஜையில் ஆர்வின் மட்டும் இருந்தார். இவெட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு டாலமோர்கூட ஏதாவது உறவு உண்டா?"

"ஜெயிச்சிருக்கோம்."

"அது உறவுல சேராது. ஒருத்தர் இருந்தா போதும், ஓட்டு செல்லும். டாலமோருக்குக் கை தூக்கறீங்களா?"

ஆர்வின் கையைப் பார்த்தார். "தூக்கலைன்னா?"

"அது உங்க காலேஜுக்கு லாபம். சுயநல ஓட்டு செல்லாது. அப்ப போன வாரத் தரவரிசைப் பட்டியல்ல யார் மேல இருந்தாங்களோ அவங்களுக்கு இடம்."

"போன வாரம் யார் மேல?"

"டாலமோர்."

"தூக்கினா?"

"டாலமோர். ஆனா தூக்கினா பெருந்தன்மைன்னு எழுதுவோம். தூக்கலைன்னா முறைகேடு. ஃப்ளாட்வில்லோவை அஞ்சு வருஷத்துக்கு யாரும் பேச்சுக்கே எடுக்க மாட்டாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாரிங்க. விதியை நான் எழுதலை. வாசிக்கறது மட்டும்தான் நான்."

முதல் வருஷப் பையன்களை நினைத்தார். இனிமேல் வரப்போகிற, முகம் தெரியாத பையன்களை நினைத்தார். நாலாம் வருஷப் பையன்களை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். கை மேலே போயிற்று. அதை யாரோ தூக்கிவிட்டது போலத்தான் இருந்தது.

"ஒருமனதா நிறைவேறிடுச்சு" என்று இவெட் கதவைத் திறந்துவிட்டாள்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அட்மிரல் தோளைத் தட்டினார். "பெரிய மனசுய்யா உனக்கு." தலைவர் இரண்டு கையாலும் ஆர்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விதிப்படி, ஓட்டுப் போட்டவர்தான் டிவியில விளக்கம் சொல்லணும். கடைசிப் பேரை நீங்களே அறிவிச்சுடுங்க. டாலமோரைப் பத்தி மட்டும் பேசுங்க. ஃப்ளாட்வில்லோ பேச்சு வந்தா நீங்க கேமரா முன்னாடி இருந்து எழுந்து போயிடணும்."

பக்கத்து அறையில் விளக்குகளின் நடுவே உட்காரவைத்து, காதில் ஒன்றைச் சொருகி, முகத்துக்குப் பவுடர் பூசினார்கள். எதிரே ஒரு சின்னத் திரை. அதில் ஃப்ளாட்வில்லோவின் உள்ளரங்கம் தெரிந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அங்கேயும் கேமரா அனுப்பியிருந்தார்கள். பையன்கள் சிரித்தாலும் அழுதாலும் படம் நன்றாக வரும் அல்லவா? ஊரே வந்திருந்தது. பெஞ்சுகளில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நாலாம் வருஷப் பையன்கள் ஆட்டச் சட்டையோடு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி. லைல் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். வாழ்நாளில் அவன் அதைக் கட்டி ஆர்வின் பார்த்ததில்லை.

"நீங்க பேசறது அங்க போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்றது காதில் ஒரு குரல். "அவங்க பேசாம இருக்காங்களேன்னு நீங்க நிறுத்திடாதீங்க. சொல்லிக்கிட்டே போங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளரங்கத்துப் பெரிய திரையில் ஆர்வினின் முகம் வந்திருக்க வேண்டும். கூட்டம் மொத்தமும் துள்ளி எழுந்தது. பதினோரு பெயரை யார் யாரோ அறிவித்தார்கள், பன்னிரண்டாவதை அறிவிக்க நம்ம ஆள் வந்திருக்கிறார் என்றால் வேறென்ன அர்த்தம்? லைல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பி, 'சொன்னேனில்லை, சொன்னேனில்லை' என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. மூன்று நாளாக மரத்துக் கிடந்த நெஞ்சு அப்போது வலித்தது. பொறுக்க முடியாமல் வலித்தது.

ஃப்ளாட்வில்லோ என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஆர்வின் வாயைத் திறந்தார். சொன்னால் என்ன செய்துவிடுவார்கள்?

"டாலமோர்" என்றார். குரல் கேட்லினுடையது போலவே கம்பீரமாக வந்தது. "அவங்களோட தோல்விகள் ரொம்பத் தரமானவை. எல்லா ஆட்டமும் ஜெயிச்ச ஒரு எதிரணிகிட்டகூட அவங்க தோத்திருக்காங்க."

திரையில் அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.